எலி கடித்த ஒயர்

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சியில் குடியிருந்தேன். சுற்றுப்பட்ட ஊர்களின் பஞ்சாயத்து ரேடியோக்களைப் பழுதுபார்க்கும் அரசாங்க மெக்கானிக் வேலை. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு சைக்கிள், கருவிகள் போட ஒரு தோல் பை. கோடையில் மலைப்பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலம் ஊருக்குள் கக்கும். அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை பெட்டிகள் நன்றாகப் பாடுகின்றன என்று மாத அறிக்கை எழுதுவேன். பாடாத பெட்டிகளும் அறிக்கையில் பாடும்.

நாடு முன்னேற வேண்டுமென்றால் கிராமத்தான் காதில் நல்ல சேதி விழ வேண்டும் என்று மேலே யாரோ முடிவுசெய்திருந்தார்கள். அதனால் ஊருக்கு ஒரு ரேடியோப் பெட்டி, கூரைமேல் மாட்ட ஒரு ஒலிபெருக்கிக் குழாய். மாலையில் உரத்தைப் பற்றியும் பூச்சிமருந்தைப் பற்றியும் யாராவது பேசுவார்கள். அரிசிக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற காலம் அது. பெட்டியில் பேசியவர்கள் மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி, நிறுத்தி நிதானமாகப் பேசினார்கள். கடைசியில் சந்தை நிலவரம் சொல்வார்கள். அந்தப் பகுதியை யாரும் பொருட்படுத்தியதில்லை, நானும்தான்.

அவலூர்பேட்டை சாலையில் இறங்கி உள்ளே போக வேண்டிய ஒரு ஊர். பெயர் வேண்டாம். எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அங்கே பஞ்சாயத்துத் தலைவரின் வீட்டிலேயே ரேடியோ இருந்தது. பஞ்சாயத்துக் கட்டடம் ஒழுகுகிறது என்று காரணம் சொன்னார். அதை ஒழுகாமல் கட்ட வந்த சிமெண்டு அவர் வீட்டு முற்றத்தில் தளமாகக் கிடந்தது. அந்தத் தளத்தின்மேல் நாற்காலி போட்டுத்தான் என்னை உட்காரச் சொன்னார்.

முதல் நாளே என் கிறிஸ்தவப் பெயரைத் தெரிந்துகொண்டு, அடுத்ததையும் கேட்டார். "கிறிஸ்தவன்னா எந்தக் கிறிஸ்தவன், தம்பி?"

சாதியைக் கேட்கிறார் என்று புரிந்தது. சொன்னேன். கொஞ்சமும் கூசாமல், என் நைனாவின் பெயரையும் நிலத்தையும் சேர்த்தே சொன்னேன். "அப்ப நம்மாளுதான்" என்று உள்ளே குரல் கொடுத்தார். பித்தளை டம்ளரில் காப்பி வந்தது. எங்கள் மாதா கோயிலிலேயே காலனி ஜனங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருந்தோம். ஆகவே அந்தக் காப்பி எனக்குக் கசக்கவில்லை. நல்ல காப்பி என்றுகூட நினைத்தேன்.

குழாய் ஊர்த்தெருவைப் பார்த்து இருந்தது. காலனி வயலுக்கு அந்தப் பக்கம். காற்று ஒத்தாசை செய்தால் அரைகுறையாக ஏதோ கேட்கும். ஒரு நாள் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது வரப்பில் ஒரு பெண் நிறுத்தினாள். நாற்பதை ஒட்டிய வயது. களையெடுக்கவும் மல்லாட்டை ஆயவும் காலனிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள் அவள். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்.

"சார், அந்தக் கொழாவ கொஞ்சம் எங்க பக்கம் திருப்பி வைக்கக் கூடாதுங்களா? கவர்மெண்டு எல்லாருக்கும்தான குடுத்துக்குது?"

"தலைவரைக் கேட்கணும்மா."

"அவரு இன்னா சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அடுத்த மாதமே தலைவர் தானாகச் சொன்னார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய வேட்டியின் கரை மாறியிருந்தது. பல வருஷம் திட்டித் தீர்த்த கட்சியின் நிறம் அது. தீண்டத்தகாதவர்கள் திடீரென்று ஓட்டர்களாகியிருந்தார்கள். "தம்பி, கொழாவ அந்தப் பக்கம் திருப்பு. அவங்களும் ரெண்டு பாட்டு கேக்கட்டும்." நான் ஏணி போட்டு ஏறித் திருப்பினேன். அதை அறிக்கையில் 'தாழ்த்தப்பட்டோர் நலனுக்கான சிறப்பு ஏற்பாடு' என்று எழுதினேன். என் அதிகாரி மெச்சிக்கொண்டார்.

தேர்தல் முடிந்தது, வேட்டிக்கரை ஜெயித்தது. குழாயைத் திருப்பி வைக்கச் சொல்லத் தலைவருக்கு மறந்துபோனது. அந்த மறதிதான் அந்த ஊரில் நான் பார்த்த ஒரே முன்னேற்றம்.

மல்லாட்டை பிடுங்கும் பருவம் வந்தது. செடியிலிருந்து காயை ஆய்கிற பெண்களுக்குக் கூலி காசாகக் கிடையாது, ஆய்ந்த காயில் ஒரு பங்கு. அந்தக் காயை அவர்கள் தலைவரிடமே விற்பார்கள். விலை அவர் சொல்வதுதான். "வெல விழுந்துடுச்சிம்மா, நான் இன்னா பண்றது?" என்று வருஷா வருஷம் வருத்தப்பட்டுக்கொண்டே வாங்குவார். அந்த வருஷமும் வருத்தப்பட்டார். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் ரேடியோ வேறு விலை சொல்லியிருந்தது. அடுப்படியில் இருந்தபடியே காலனி முழுவதும் அதைக் கேட்டிருந்தது.

"ரேடியோவுல ஏறிக்கினு இருக்குதுன்னு சொன்னாங்களே" என்றாளாம், வரப்பில் என்னை நிறுத்திக் கேட்ட அவள்.

"அது மெட்ராசு வெல."

"இல்லீங்க. நம்ம ஜில்லா பேரச் சொல்லித்தான் சொன்னாங்க."

மறுநாள் விடிந்ததும் பெண்கள் காயைத் தலைச்சுமையாகச் சாலைக்குக் கொண்டுபோய், பஸ்ஸில் ஏற்றி, செஞ்சியில் ஒரு மண்டிக்காரரிடம் விற்றார்கள். மண்டிக்காரரும் புண்ணியவான் இல்லை. ஆனால் தலைவர் அளவுக்குத் துணியவில்லை.

அந்த வாரமே ரேடியோ கெட்டுவிட்டது என்று எனக்கு ஆள் வந்தது.

போய்ப் பார்த்தேன். பெட்டி நன்றாக இருந்தது. பெட்டியிலிருந்து குழாய்க்குப் போகும் ஒயர் கூரையோரத்தில் இரண்டாகத் தொங்கியது.

"எலி கடிச்சிடுச்சி, தம்பி" என்றார் தலைவர்.

வெட்டு ஒரே சீராக இருந்தது. நல்ல கத்தி வைத்திருந்த எலி. முறுக்கிப் பற்றவைக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. நான் பையைத் திறந்தேன்.

"இன்னாத்துக்கு அவசரம்? காப்பி சாப்டு. சாமான் மெட்ராசுலேர்ந்து வரணும்னு எழுதிடு. வந்தா பாத்துக்கலாம். உங்க ஆபீசரு போன வாரம்தான் வந்து சாப்ட்டுட்டுப் போனாரு."

அவர் மிரட்டவில்லை. அதட்டியிருந்தால்கூட எனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். வீட்டு மனிதனிடம் பேசுவதுபோலச் சொன்னார், நானும் வீட்டு மனிதனைப்போலப் பையை மூடினேன். காப்பியைக் குடித்தேன். முக்கியப் பாகம் பழுது, சென்னையிலிருந்து வர வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வரப்பில் அவள் காத்திருந்தாள். "சரியாயிடுச்சா சார்?"

"இல்லம்மா. உள்ளே பெரிய கோளாறு."

"ஒயருதான அறுந்து தொங்குது? இங்கிருந்தே தெரியுதே. முடிச்சிப் போட எவ்ளோ நேரம் ஆவும்?"

"அது உனக்குப் புரியாது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் இல்லை. சந்தையில் சொத்தைக் காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார்களே, அந்தப் பார்வை. "பொய் சொல்றதுக்கும் கவர்மெண்டு சம்பளம் குடுக்குதா?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சைக்கிளைத் திருப்பவில்லை.

பல மாதம் பெட்டி ஊமையாகக் கிடந்தது. பிறகு என் அதிகாரி விசாரணைக்கு வந்தார். தலைவர் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டார். வயலைத் தாண்டிப் போகவில்லை. திரும்பும் வழியில் ஜீப்பில் எனக்குச் சொல்லி எழுதவைத்தார்: 'கிராம மக்களிடம் போதிய ஆர்வம் இல்லாமையால் வானொலியைத் திரும்பப் பெறலாம்.' நம் ஜனங்கள் திருந்தவே மாட்டார்கள் என்று ஏப்பம் விட்டார். பெட்டி அலுவலகக் கிடங்குக்கு வந்தது. ஒரு ஓய்ந்த மத்தியானத்தில் அதற்கு வேறு ஒயர் கொடுத்து முடுக்கினேன். மணி அடித்த மாதிரி பேசியது. அணைத்து மூடி வைத்தேன். அந்த வருஷம் எனக்கு இன்கிரிமெண்ட் தடையில்லாமல் கிடைத்தது.

தலைவர் அடுத்த பருவத்தில் காலனிப் பெண்களைக் கூப்பிடாமல், தொலைவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். வந்தவர்களும் ஒரே பருவத்தில் மண்டிக்கு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். தலைவர் காலனிக்கே திரும்ப ஆள் அனுப்பினார். அவள், கூலியைக் காசாகக் கொடுத்தால் வருகிறோம் என்றாளாம். கொடுத்தார். இதில் எனக்கோ, என் அலுவலகத்துக்கோ, மாலைதோறும் பேசிய மேதாவிகளுக்கோ எந்தப் பங்கும் இல்லை.

வேலையை விட்டு நான் விலகவும் இல்லை. சில வருஷம் கழித்து செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இன்னும் நாலைந்து பெண்களோடு வல்லம் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அடையாளம் தெரிந்து நின்றாள்.

"இன்னாய்யா, இன்னும் அதே வேலையிலதான் இருக்கிறியா?"

'சார்' இல்லை, 'ங்க'வும் இல்லை. "ஆமா" என்றேன்.

"ம்" என்றாள். பஸ் வந்துவிட்டது. கூட இருந்தவர்களை முதலில் ஏற்றிவிட்டு, அவளும் ஏறிப் போனாள்.