திரும்பி வந்த இரத்தம்

நாடி நின்றுபோனால் எல்லாரும் பயப்படுவார்கள். நாடி திரும்பி வந்த பிறகு பயப்படுவதுதான் அப்போதிக்கரியின் உத்தியோகம். ஆசுப்பத்திரி வாங்கில் காத்திருந்து முதுகு நொந்த உங்களுக்கு இது விளங்கும். எண்பதுகளில், கிளிநொச்சிப் பக்கத்துச் சிறிய ஆசுப்பத்திரி ஒன்றில், டொக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரியாக நான் வேலை செய்த காலம் அது.

தண்ணீர் முறை

மருதை மலையகத்திலிருந்து வந்து வட்டக்கச்சியில் வயல் செய்தவர். உழவு இயந்திரம் வரம்பில் கவிழ்ந்து தொடை கிழிந்துவிட்டது. நாடி பிடிபடவில்லை, கை சேறுபோலக் குளிர்ந்திருந்தது. காயத்தை இறுக்கிக் கட்டி, சேலைன் ஏற்றி, அவருடைய மச்சானின் இரத்தத்தையும் ஏற்றினோம்.

வெகுநேரம் கழித்து என் விரலுக்கடியில் ஏதோ அசைந்தது. கண் திறந்தவர், பக்கத்தில் அழுதுகொண்டு நின்ற மனைவி செல்லம்மாவைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் கேட்டார்: "இன்னைக்கு நம்ம தண்ணி முறை. மடைய யாராச்சும் தொறந்தாங்களா?"

மஞ்சள்

செல்லம்மா அம்மன் கோயிலுக்கு ஓடிப்போய் மஞ்சள் கொண்டுவந்து அவர் நெற்றியில் பூசினாள். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து, முகம் துடைக்கப் போன நேர்ஸ் பிலோமினா ஈரத்துணியோடு என்னிடம் வந்தார். முல்லைத்தீவுக் கடற்கரைப் பெண், எதற்கும் அசையாதவர். துணி வெள்ளையாகவே இருந்தது. "துடைக்கத் துடைக்கப் போகுதில்லை, ஐயா. கண்ணுக்குள்ளையும் பூசிக் கிடக்கு."

வரம்பு

இரத்தம் வராமல் பட்டினி கிடந்த ஈரலின் காமாலை அது. அப்படிப்பட்ட ஈரலுக்குள் இரத்தம் திரும்பிப் பாயும்போது, அது கொண்டுவரும் பிராணவாயுவே உள்ளே எரிக்கத் தொடங்கும். வவுனியாப் பெரிய ஆசுப்பத்திரிக்கு அனுப்பவும் வழியில்லை, சண்டையால் பாதை பூட்டியிருந்தது. பிழைப்பாரா என்று செல்லம்மா கேட்டபோது, அவளுக்கு விளங்கட்டும் என்று வாய்க்காலையும் வரம்பையும் வைத்துச் சொன்னேன்.

பின்னேரம் பார்த்தால் சேலைன் ஒழுகுவது குறைந்திருந்தது. சொட்டைக் கூட்டிக் குறைக்கும் குழாய்ச் சில்லை யாரோ இறுக்கியிருந்தார்கள். திறந்துவிட்டேன். ஆனால் திறந்த கை சரியா, இறுக்கிய கை சரியா என்ற கேள்வி எனக்குள் இன்னும் கிடக்கிறது. செல்லம்மாவுக்குக் கேள்வியே இல்லை: "பையப் பைய விட்டேங்க ஐயா. காஞ்ச வாய்க்கால்ல வேகமா விட்டா வரம்பு ஒடைஞ்சிரும்னு நீங்கதானே சொன்னீங்க."

கட்டில்

ஈரல் தன் வேலையை விட்டால் இரத்தத்தில் கழிவு தங்கும், புத்தியும் கலங்கும். மருதை பகலில் தூங்கினார், விழித்தால் சுவரோடு கதைத்தார். அவருக்கு முன் அந்தக் கட்டிலில் கிடந்த ஒரு வயோதிபர் இறந்திருந்தார். அதை மருதையிடம் எவரும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம், கஞ்சியோடு நாங்கள் போனபோது, அவர் கட்டிலின் விளிம்பில் ஒடுங்கிக் கிடந்து, வெறும் பாதியைப் பார்த்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "கொஞ்சம் தள்ளிப் படுங்க பெரியவரே, ரெண்டு பேருக்கு எடம் பத்தல."

வீட்டுக்கு

அவர் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் மஞ்சள் மெல்ல வடிந்தது. கஞ்சி போதாமல் சோறு கேட்டார். பிலோமினாவின் பெயரையும் சரியாகச் சொன்னார். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில், செல்லம்மா அவரை வாசலில் இருத்திவிட்டுத் தனியே திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "உசுரு வந்திருச்சுங்க. ஆனா வந்தது இவருதானான்னு நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க ஐயா."

வாசலுக்குப் போய் மருதையின் கையைப் பிடித்து நாடி பார்த்து, "ஓம், இவர்தான்" என்றேன். எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்காத ஒரு சோதனைக்கு என் உத்தியோகத்தில் நான் கொடுத்த ஒரே சான்று அதுதான்.