மொட்டையும் காப்பீட்டு மேஜையும்

எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கும் அம்மாவின் ஆறு வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை என்று தெரிந்தது. அரசாங்கக் காப்பீட்டில் ஆபரேஷன் இலவசம் என்றார்கள். எங்கள் பேட்டையான மண்டி மொஹல்லாவில் யாரும் எதையும் சும்மா தருவதில்லை. ஆகவே விஷயம் விசாரணைக்காக என்னிடம் வந்தது. தெருவில் கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம் படிக்கிற ஒரே ஆள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

"ஏனுங்க சார், எதுக்குச் சும்மா பண்றாங்க? பதிலுக்குப் புள்ளகிட்ட இருந்து ஏதாச்சும் எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் பல வருடங்களாகத் தனியார் காப்பீட்டுக்குக் கட்டியும் ஒரு பல்வலிக்குக்கூட உதவி பெறாதவன். விதிமுறைகளை வரிவரியாகப் படித்தேன். சூழ்ச்சி எதுவும் அகப்படவில்லை. அதனாலேயே சந்தேகம் வலுத்தது.

ஆஸ்பத்திரியில் காப்பீட்டு மேஜைக்காரர் குழந்தையை ஃபோட்டோ எடுத்தார். எதற்கென்று கேட்டேன். அனுமதிக்கு என்றார். நம்பவில்லை.

அனுமதி வந்தது. உடம்பில் கத்தி படுவதற்கு முன் முடி மலைக்கோயில் மாதேஸ்வரனுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது சொந்த ஊரான ராமாபுரத்தில் அவர்கள் வீட்டு வழக்கம். அட்மிஷனுக்குக் குழந்தை சந்தனம் பூசிய மொட்டையோடு வந்து நின்றது.

மேஜைக்காரர் திரையைப் பார்த்தார், மொட்டையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஃபோட்டோல ரெட்டை ஜடை இருக்கு. இது வேற குழந்தை அல்வா?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டார்.

"வேண்டுதலுங்க, மலையில முடி குடுத்தோம்" என்றார் அந்த அம்மா.

"கார்டு ஒருத்தருக்கு, ஆபரேஷன் இன்னொருத்தருக்குன்னு வர்றவங்களையும் நாங்க பார்த்திருக்கோம்மா. சார், நீங்க யாரு?"

"இவங்ககிட்ட சட்டை தேய்க்கக் கொடுக்கிறவன்."

அவர் என் சட்டையைப் பார்த்தார். கசங்கியிருந்தது.

ஆபரேஷனை நிறுத்திவைக்கச் சொல்லி யாருக்கோ ஃபோன் போட்டார். அந்த அம்மா குழந்தையின் மொட்டையைத் தடவிப் பார்த்தார். "சாமிக்குக் குடுத்தது தப்பாப் போச்சுங்களா?"

முன்பு குழந்தையைப் பரிசோதித்த டாக்டரம்மாவைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "அதே குழந்தைதான். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்."

மேஜைக்காரர் மொட்டையை நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்.

ஆபரேஷன் முடிந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குழாய்களுக்கு நடுவே ஒரு மொட்டைத் தலை தெரிந்தது. அந்த அம்மா வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க சார், அது நம்ம புள்ளதானுங்களே?"

எனக்கும் நிச்சயமில்லை. இருவரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே குழந்தை மெல்லக் கண் திறந்தது. தாயைப் பார்த்தது. உதடு பிதுங்கியது.

"அவளேதானுங்க" என்றார் அந்த அம்மா.