மூன்று தளத்துக்கும் ஒரே வயர்

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தீ என்றால் முதலில் பட்டாசு ஆலை வெடிக்கும் சத்தம்தான். எங்காவது அதிர்ந்தால் மொட்டை மாடிக்கு ஓடி, புகை விஸ்வநத்தம் பக்கமா, தாயில்பட்டி பக்கமா என்று பார்ப்போம். என் மனைவி அப்போது விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அதனால் என் கண் அந்தப் பக்கம்தான் முதலில் போகும். வீட்டுக்குள்ளேயே கிளம்பும் புகையைப் பற்றி, எலக்ட்ரீசியனான நான்கூட அதிகம் யோசித்ததில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் சிவகாசியில் பேப்பர் வியாபாரம் செய்த ஒரு பாய் என்னைக் கூப்பிட்டார். துபாயிலிருந்து வந்த அவர் மகன் மூன்று புகை அலாரங்கள் கொண்டுவந்திருந்தான். வீட்டுக் கரண்டில் கொடுத்து, மூன்றுக்கும் இடையில் தனியாக ஒரு வயர் இழுத்துவிட்டால், ஒன்றில் புகை பட்டதும் மூன்றும் சேர்ந்து அலறும். மூன்றுக்கும் கரண்ட் ஒரே லைனிலிருந்துதான் எடுக்க வேண்டும். நான் அதற்கு முன் அப்படி ஒன்றை மாட்டியதில்லை.

கீழ்த்தளத்தில் பாய், நடுவில் அவர் தம்பி, மேலே அவர்களுடைய அம்மா. வியாபாரத்தைப் பிரித்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. மீட்டர்கூடத் தனித்தனி. கீழே ஒன்றும் அம்மா இருக்கும் தளத்தில் இரண்டும் மாட்டச் சொன்னார் பாய். நடுத்தளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் வயர் தம்பி வீட்டு வழியாகத்தான் மேலே போக வேண்டியிருந்தது. நான் ஏணியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் மனைவி, "எங்க வீட்டு வழியாத்தான கொண்டு போறீக, எங்களை மட்டும் ஏன் விட்டுட்டீக?" என்று கேட்டார். கீழே போய்ப் பாயிடம் சொன்னேன். அவன் சரியென்றால் மேலே மாட்டும் இரண்டில் ஒன்றை அங்கே மாட்டிவிடு என்றார்.

தம்பி சரியென்று சொல்லவில்லை. லைன் அண்ணன் மீட்டரிலிருந்து வருகிறது என்றதும் முகம் மாறியது.

"அவுக கரண்டு எனக்கு வேண்டாம்."

ஏணியை மடக்கினேன். மனசு கேட்கவில்லை. "உங்க அடுப்படியில தீப்பிடிச்சாலும் புகை மேல அம்மாகிட்டதான் போகும்" என்றேன் தம்பியிடம். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "மாட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், பாய் குடும்பத்தோடு விருதுநகரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நடுத்தளத்தில் அலாரம் அலறியது. தம்பி தன் அடுப்படிக்கு ஓடினார். அங்கே ஒன்றுமில்லை. அம்மாவிடம் ஓடினார். அங்கேயும் சத்தம்தான், புகை இல்லை. மிச்சம் இருந்தது அண்ணன் வீடு. பல வருஷமாக அவர் கால் வைக்காத வீடு. அம்மாவிடம் ஒரு சாவி இருந்தது. வாங்கிக்கொண்டு இறங்கி, மாடிப்படிக்கு அடியில் இருந்த அண்ணனின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். டிவி ஸ்டெபிலைசர் கருகி, திரைச்சீலையில் தீ ஏறிக்கொண்டிருந்தது. கிழித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றி அணைத்தார். கையில் கொஞ்சம் காயம்.

கருகிய வயரை மாற்ற மறுநாள் நான் போனபோது இதையெல்லாம் அம்மாதான் சொன்னார். சுவர் கூரைவரை கறுத்திருந்தது. புது வயரை இழுத்துக்கொண்டிருந்தபோது தம்பி கையில் கட்டோடு வந்து வாசலிலேயே நின்றார். தன் வீட்டு வயரிங்கையும் பார்க்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

"ஏன் வெளிய நிக்கிற, உள்ள வா" என்றார் பாய்.

தம்பி உள்ளே வந்து, நனைந்த சோபாவைத் தவிர்த்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர்கள் மறுபடி சேர்ந்து வியாபாரம் செய்ததாக நான் கேள்விப்படவில்லை. அன்றைக்கும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கை எரிகிறதா என்று அண்ணன் கேட்டார், இல்லை என்றார் தம்பி. அடுப்படிப் பக்கம் திரும்பிப் பாய் இன்னொரு டீ போடச் சொன்னார்.