காய்க்கிற மரம்

புலம்பெயர்ந்த தமிழரின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் அவர் தேங்காய் விற்றுக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, கழுத்துவரை பூட்டிய சட்டை, வளையாத முதுகு. ஊரில், பளையில் பெரிய தென்னந்தோட்டம் வைத்திருந்தவர், சண்டைக் காலத்தில் இயக்கத்தின் ஊர் மக்கள் படைக்குப் பொறுப்பாளராக இருந்தவர் என்று கடை முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார். யார் தேங்காய் கேட்டாலும், ஒவ்வொன்றாகக் காதருகே குலுக்கிப் பார்த்துத்தான் கொடுப்பார்.

பிள்ளையார் தேருக்குத் தெருவில் தேங்காய்களைக் குவித்து உடைப்பார்கள். சண்டை முடிந்து சில வருடங்களின் பின் வந்த ஒரு தேரன்று, அந்தக் குவியல் முழுவதையும் அவர்தான் குலுக்கித் தெரிந்தெடுத்திருந்தார். தேர் நெருங்கியதும் கடைக்குள் போய்விட்டார். நானும் பின்னால் போனேன்.

"அண்ணை, வந்து ஒண்டு உடையுங்கோவன்."

"நீங்கள் உடையுங்கோ தம்பி."

பேச்சை மாற்ற, "ஊரிலை உங்கட தோட்டம் எப்பிடி?" என்றேன்.

"ஒரு மரமும் பழுதில்லை. எல்லாம் நிண்டு காய்க்குதாம்."

"சண்டை நேரம் இயக்கம் பங்கர் போட மரம் கேக்கேல்லையோ?"

"கேட்டவங்கள். காய்க்கிற மரத்தைத் தறிக்க விடமாட்டன் எண்டு நிண்டிட்டன்." கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். "பிறகு சண்டைக்கு இளம் பெடியளைக் கேட்டாங்கள். நானே வீடு வீடாய்ப் போய்க் கூட்டியந்து குடுத்தன்."

வெளியே தேங்காய்கள் உடைந்து சிதறின.

மறுநாளும் வாசலில் நின்று, ஒரு பெண்ணுக்காகத் தேங்காயைக் காதில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெடியளையும் இப்படித்தான் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தாரா? கடைசிவரை நான் அதைக் கேட்கவில்லை.