போறணைப் புகை பார்த்துத் திறந்த ஊர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்காமல் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் வேலை பார்த்த பேக்கரிச் சந்தியிலிருந்த வங்கி மீதும் கூட்டுறவுச் சங்கக் கடை மீதும் இன்றுவரை தீராத எரிச்சலுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

யுத்த காலம். களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் வரும் வாவிக்கரைச் சந்தி ஒன்றில் பேக்கரி. பாண் என்னும் ரொட்டி சுடும் போறணை அடுப்புக்குத் தீ மூட்டுவது என் வேலை. மா குழைப்பதற்கு இன்னொருவர். இரவில் வெளிச்சம் வைக்கப் பயந்து, மாலையே மாவை அச்சுகளில் போட்டு வைத்துவிட்டு விடியும்போதுதான் மூட்டுவோம். வாவிக்கரைக் கண்ணா மரத்து ஈர விறகு. புகை கறுத்து எழும்பி வாவியின் அக்கரைக்கும் தெரியும்.

முதலாளி இராணுவ முகாமுக்குப் பாண் கொடுத்துவந்தார். அதனால் சுற்றிவளைப்பு எப்போது, பாதை பூட்டுவது எப்போது என்று அவருக்கு முன்பே தெரியும் என ஊர் நம்பியது. அவருக்கு ஒன்றும் தெரியாது. பாண் எடுக்க வரும் சிப்பாயிடம் பல்லைக் காட்டுவதோடு சரி. ஆனால் யாரும் அவரைக் கேட்டுப் பார்க்கவில்லை. புகை எழும்பினால் இன்று ஆபத்தில்லை என்று சங்கக் கடை மனேச்சர் கதவைத் திறப்பார். சங்கக் கடையைப் பார்த்து வங்கி திறக்கும். இரண்டும் திறந்திருந்தால் பஸ் சந்திக்குள் வரும். இல்லையென்றால் ஊர் எல்லைப் பாலத்தடியிலேயே திரும்பிவிடும். ஆசிரியர்களும் மீன் வியாபாரிகளும் அந்த பஸ்ஸில்தான் வரவேண்டும். எல்லா வாசலிலும் பெரிய பெயர்ப்பலகை, உள்ளே படித்த மனிதர்கள். கதவு திறக்கும் தைரியத்தை மட்டும் என் விறகிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் ஒரு நாள் நின்று சுகம் கேட்டதில்லை.

மா லொறி வருவது நிச்சயமில்லாமல் போனபோது முதலாளிக்கு ஆள் குறைக்கும் எண்ணம் வந்தது. ஒரு மாலை என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு விடிய வெள்ளாப்பில மூட்டிப்போட்டு நீ போ மனே. மறுகா வரத் தேவல்ல. மா குழைக்கிறவனே ரெண்டையும் பாப்பான்."

"ஏன் என்னய மட்டும் நிப்பாட்டுறீங்க?" என்றேன்.

"அவன் வாறவன் போறவனோட கதைச்சிச் சிரிச்சிப் பாண் விப்பான். நீ போறணையோட போறணையா நிக்கிறாய். வாய் பேசாத சாமான் எனக்கு ஒண்டு போதும்."

மா குழைப்பவர் குனிந்து சிரித்தார்.

வீட்டில் மனைவி, கைக்குழந்தை. இந்த வேலை போனால் எனக்கு மிச்சம் அக்கரை வயல் வட்டையில் கூலி வேலைதான். வயலுக்குப் போக வேண்டுமானால் தோணியில் போய்ச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். அப்படிப் போன என் மச்சான் திரும்பி வரவில்லை.

விடிய எழும்பிப் போனேன். போறணைக்குள் விறகை அடுக்கினேன். மூட்டாமல் உட்கார்ந்துவிட்டேன். ஊரைப் பூட்ட வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. அந்த மனுசனின் மா புளிக்கட்டும் என்று மட்டும் நினைத்தேன்.

வெயில் ஏறியது. மா அச்சுக்கு வெளியே பொங்கி வழிந்தது. மா குழைப்பவர் வரவில்லை. அவரும் வீட்டிலிருந்து புகையைத்தான் பார்த்திருக்கிறார். சங்கக் கடை மனேச்சர் சாவியோடு வந்து, எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்து, சாவியை மடியில் செருகினார். பாதி உயர்ந்திருந்த வங்கிக் கதவு இறங்கியது. பஸ் வரவில்லை. ஆசிரியர்களைக் காணாமல் பிள்ளைகள் திரும்பிப் போனார்கள். மீன் கூடைகள் கரையில் நாறத் தொடங்கின.

கடைசியில் மனேச்சரும் வங்கிக்காரரும் பேக்கரியின் பின்கதவால் பதுங்கி வந்தார்கள்.

"என்னடா தம்பி, ஆமி என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லல்ல."

"அப்ப ஏன் புகை இல்ல?"

"முதலாளி என்னய வேலயால நிப்பாட்டிப்போட்டார்."

வங்கிக்காரர் என்னை முதல் முறையாக முகம் பார்த்தார். "இதுக்காகவா நான் வங்கியப் பூட்டினன்?" என்று மனேச்சர் மேல் பாய்ந்தார்.

"நான் பூட்டச் சொன்னனா? உங்களுக்குக் கண் இல்லையா?"

இருவரும் கத்திக்கொண்டே முதலாளியின் வீட்டுக்குப் போனார்கள். அவர் சங்கக் கடை பூட்டிக் கிடப்பதைப் பார்த்து, சுற்றிவளைப்பு என்று நினைத்துக் கட்டிலுக்கடியில் கிடந்தாராம். இடுப்புச் சாரத்தில் ஒட்டின தூசியோடு ஓடி வந்தார்.

"மூட்டுடா நாயே!"

"எனக்கு வேல இரிக்கா?" என்றேன்.

"ஓம் எண்டு சொல்லுங்க முதலாளி," என்றார் மனேச்சர். "பொழுது போகுது."

"ஓம், ஓம். இரிக்கு. மூட்டு!"

மூட்டினேன். புகை எழும்பியது. கதவுகள் திறந்தன, ஆனால் வாங்க வருவாரில்லை. புளித்த பாணை மாலைவரை காகம் கொத்தியது. அவர்கள் மூவரும் எனக்கு முதுகைக் காட்டியபடி நின்று அந்த நாளின் நட்டத்தை என் தலையில் கட்டிப் பேசினார்கள்.

மறுநாள் விடிய நான் போனபோது மா குழைப்பவர் தீ மூட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற முதலாளி என்னை உள்ளே விடவில்லை. சங்கக் கடை திறந்தது, வங்கி திறந்தது, பஸ் நேரத்துக்கு வந்தது. நான் அக்கரைக்குப் போகும் தோணியில் ஏறினேன்.