மதிலுக்கு அந்தப் பக்கம் போன பந்து

நான் புலம்பெயர்ந்து வந்த புருசெத் ஊரில், எங்கள் வீட்டில் மகள் மடிக்கணினியில் பேஸ்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இவர்தான் பந்தை மைதானத்துக்கு வெளியால அடிச்சுக் கூடுதலா ஹோம் ரன் எடுத்தவர். ஆனா மற்றவர் குறைஞ்ச ஆட்டம் விளையாடியே கிட்டத்தட்ட அவ்வளவும் அடிச்சிட்டார். ஆர் பெரிய ஆள்?"

எனக்கு பேஸ்போல் தெரியாது. ஆனால் மட்டையில் பந்து பட்ட 'டொக்' சத்தத்தில் சின்ன வயதில் நாங்கள் கிரிக்கெட் விளையாடிய கொக்குவில் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, கண்முன் வந்துவிட்டது. வெயிலில் காய்ந்த கிடுகு வேலியின் தென்னோலை வாசம், உள்ளங்காலைச் சுடும் மணல், மட்டையோடு என் கூட்டாளி தேவன்.

எங்கள் சட்டப்படி மதிலைத் தாண்டி அடித்தால் அவுட். மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் பள்ளிக்கூட மாஸ்டர் சாய்மனைக் கதிரையில் மத்தியான நித்திரை கொள்வார். பக்கத்தில் அவருடைய நாய். தேவனுக்கோ தாண்டாமல் அடிக்கத் தெரியாது. பந்தெடுக்கப் போவது நான். மதிலில் ஏறியதும் நாய்க்கு முன்னரே பயத்தில் நான் குரைக்கத் தொடங்கிவிடுவேன்.

"நாய் கட்டித்தான் கிடக்கு. உன்ர வாயைத்தான் கட்டவேணும்," என்பான் தேவன்.

இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். "அப்ப அவர் அடிச்ச கணக்கு?" என்றாள்.

"முழுக்க அவுட். ஆனா அவன்தான் பெரிய ஆள்."

"இப்ப எங்க?"

"கனடாவில. நம்பர் கிடைச்சுக் கனநாள். என்னை மறந்திருந்தா எண்ட பயத்தில எடுக்கேல்லை."

அவள் என் போனை வாங்கி, அழைத்து, என் காதில் வைத்தாள். என் பேரைச் சொன்னேன்.

தேவன் கேட்டான்: "என்னடா, நாய் கட்டிக் கிடக்கோ எண்டு பாத்திட்டோ போன் எடுத்தனி?"