அக்கா கேட்காத ஓட்டு

அந்தக் கைதட்டல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. பிரச்சாரத்தின் கடைசி மாலை. ஜார்ஜ்டவுனில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி பிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு லாரியின் பின்பக்கத்தை மேடையாக்கி அக்காவை ஏற்றியிருந்தோம். மழை விட்டிருந்தது, தூறல் விடவில்லை. ஒருவரும் நகரவில்லை. கீழே இடம் கிடைக்காதவர்கள் ஒவ்வொரு மாடியிலும் நடைபாதைக் கம்பியில் சாய்ந்துகொண்டு கேட்டார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று எல்லோரும் இருந்தார்கள். கோப்பிக் கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார். அக்கா பேசி முடித்தபோது கட்டடமே கைதட்டியது. ஒலிபெருக்கி வைக்க வந்த ஆள் என்னிடம், “அண்ணே, இது ஜெயிச்ச கூட்டம்லா,” என்றார். நானும் நம்பினேன்.

அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் அழைப்பார்கள். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. எங்களுக்கு இரண்டு கதவு தள்ளிக் குடியிருந்தார். பிளாட்டின் ஒரு லிஃப்ட் எப்போதோ செத்துப்போயிருந்தது. மற்றொன்றும் நின்றுபோனபோது, மேல்மாடியில் சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு மாமா இருந்தார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போயே ஆகவேண்டும். அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் படிவழியாகத் தூக்கி இறக்கினோம். யார் எந்தக் காலைப் பிடிப்பது, எந்தத் திருப்பத்தில் நாற்காலியைச் சாய்ப்பது என்பதெல்லாம் அக்காவின் ஏற்பாடு. அவரே முன்னால் இறங்கி, படியில் நிற்கும் செருப்புகளையும் பூந்தொட்டிகளையும் ஒதுக்கிக்கொண்டே போவார். பின்னால் மாமாவின் மனைவி, நாங்கள் ஆன்ட்டி என்று அழைப்பவர், பையைத் தூக்கிக்கொண்டு வருவார். வேலைக்குத் தாமதமாகும் நாட்களில் நான் முணுமுணுத்தால், “அவரு ரத்தம் ஒன்னோட ஷிஃப்ட்டுக்காகக் காத்திருக்காது தம்பி,” என்பார் அக்கா.

லிஃப்டுக்காக அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒருநாள் ஓர் அலுவலகத்தில், கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர், “நீங்க யாரு? ஒங்களுக்கு யாரு ஓட்டுப் போட்டா?” என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்விதான் அக்காவைச் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிறுத்தியது. கட்சி கிடையாது. ஆனால் ஆட்கள் இருந்தார்கள். நான் வேலை செய்யும் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் எனக்கிருந்த விடுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பொட்டலம் கட்டிய சாப்பாடு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்துகொண்டே இருந்தது. கொடி கட்ட ஆள் தேட வேண்டியிருக்கவில்லை, கயிறுதான் பற்றாமல் போனது. தொகுதியின் மற்றத் தெருக்களில் வெயிலென்று பாராமல் வீடு வீடாக ஏறினோம்.

எங்கள் பிளாட்டில் மட்டும் அக்கா ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை. நான் மன்றாடிப் பார்த்தேன்.

“அவங்க வீட்டு மனுஷனத் தூக்கிட்டு, அப்புறம் வாசல்ல போயி ஓட்டுக் கேட்டா, அது கூலி கேக்கிற மாதிரி தம்பி. எனக்கு வாய் வராது.”

“அக்கா, கேக்காம யாரு குடுப்பா?”

“நம்ம ஆளுங்கலா. அவங்களுக்குத் தெரியாதா?”

வாக்களிப்புக்கு முந்திய வாரம், சீருடை போட்ட ஆட்கள் வந்து லிஃப்டைப் பழுது பார்த்தார்கள். எத்தனையோ காலம் கிடைக்காத உதிரிப் பாகம் திடீரென்று எங்கிருந்தோ கிடைத்துவிட்டது. லிஃப்ட் வாசலிலேயே பெரிய கட்சி வேட்பாளரின் சிரித்த முகம் பதாகையில் தொங்கியது. அவரே அதில் ஏறி மேல்மாடிக்குப் போனார். மாமாவின் கட்டிலருகே உட்கார்ந்தார். கையைப் பிடித்து ஓட்டுக் கேட்டார். அதைப் படமெடுக்கவும் ஓர் ஆள் கூடப் போயிருந்தான். வாக்களிப்பு நாளன்று எங்கள் சனம் நல்ல உடை உடுத்திக்கொண்டு அந்த லிஃப்டில்தான் இறங்கிப் போனது. போகிற வழியில் அக்காவைப் பார்த்துக் கட்டை விரலையும் உயர்த்திக் காட்டியது.

அன்று மாலை வாக்கு எண்ணும் அறையில் அக்காவின் முகவராக உட்கார்ந்திருந்தவன் நான். எங்கள் ஊரில் வாக்களிக்கும் அறைகளை வயதுப்படி பிரிப்பார்கள். எனக்குக் கிடைத்தது எங்கள் பிளாட்டின் மூத்தவர்களுடைய அறை. பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சீட்டாக விரித்து உயர்த்திக் காட்டும்போது, இது யார் போட்டதென்று தெரியாவிட்டாலும் எந்தப் படியில் ஏறி இறங்குகிறவர்கள் போட்டதென்று எனக்குத் தெரியும். பெரிய கட்சியின் அடுக்கு வளர்ந்துகொண்டே போனது. அக்காவின் அடுக்கு மேசையைவிட்டு எழும்பவில்லை. நாங்கள் அலைந்து திரிந்த மற்றத் தெருக்களில் அக்கா நன்றாகவே வாங்கியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அவரைத் தோற்கடித்தது எங்கள் பிளாட்.

அடுத்த நாளே கோப்பிக் கடையில் ஆளாளுக்கு அரசியல் ஞானி ஆகிவிட்டார்கள். சுயேச்சைக்குக் கட்சி இயந்திரம் கிடையாது, பணம் கிடையாது, ஓட்டுப் பிரிந்தால் வேண்டாத ஆள் உள்ளே வந்துவிடுவான் என்று பயந்தோம், இப்படி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்தக் கொஞ்ச உண்மைக்குப் பின்னால் அத்தனை பேரும் வசதியாக ஒளிந்துகொண்டார்கள்.

அந்த வாரமே லிஃப்ட் மறுபடி நின்றது. காலையில் ஆன்ட்டி, மூச்சு வாங்கப் படியிறங்கி, நேராக அக்கா வீட்டுக்குத்தான் வந்தார். நான் அங்கேதான் இருந்தேன்.

“அக்கா, லிஃப்ட் ஓடலக்கா. நாளைக்கு மாமாவுக்கு டயாலிசிஸ். பசங்களக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்.”

என்னால் வாயை அடக்க முடியவில்லை. “ஆன்ட்டி, நீங்க யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?”

அவர் மறைக்கவில்லை. அதுதான் என்னை இன்றுவரை வதைக்கிறது. கொஞ்சமும் கூச்சமில்லாமல், காய்கறிக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“அவருக்குத்தான் தம்பி. கோவிச்சுக்காத. அக்கா தோத்தாலும் நமக்குச் செய்வாங்க. அவரு தோத்தா திரும்பிப் பாப்பாரா? மாட்டாருலா. அதான்.” பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: “அதோட, அவரு வீடு தேடி வந்து மாமா கையப் புடிச்சுக் கேட்டாரு. நீங்க கேக்கவே இல்லியே அக்கா. வேணும்னா கேட்டிருப்பாங்கல்லன்னு மாமாகூடச் சொன்னாரு.”

அக்கா கையிலிருந்த கோப்பியை வைத்துவிட்டு எழுந்தார். “வாங்க ஆன்ட்டி, போவோம்,” என்று குடையை எடுத்தார். நானும் கூடப் போனேன். அவர் போன இடம், வெற்றிபெற்றவரின் சேவை மையம். அங்கே முன்மேசையில் இருந்த பெண்ணிடம் சொன்னார்: “இவங்க ஒங்களுக்கு ஓட்டுப் போட்டவங்க. வீட்டுக்காரருக்கு நாளைக்கு டயாலிசிஸ். லிஃப்ட் ஓடல. இனிமே நீங்கதான் பாக்கணும்.” ஆன்ட்டியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியே நடந்தார். “அக்கா, அக்கா,” என்று உள்ளிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது. அவர் திரும்பவில்லை.

வெளியே வந்து குடையை விரிக்காமலே வெயிலில் நின்றார். “நான் கேட்டிருக்கணும் தம்பி. கேக்காம இருக்கிறத பெருந்தன்மன்னு நெனச்சேன். அது திமிரு. அவங்களுக்கும் ஒரு மரியாதை வேணும்ல, வாசல்ல வந்து ஒருத்தி நின்னு கேக்கிற மரியாதை.”

அவர் தன்மீதே பழியைப் போட்டுக்கொண்டது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. தூக்கிச் சுமந்தவளிடமே கெஞ்சலையும் எதிர்பார்க்கும் சனம் என்ன சனம்? ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல காலம் பிடித்தது. மீதிப் பாதியை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் சேவை மையத்திலிருந்து யாரும் வரவில்லை. நாங்களே மாமாவைத் தூக்கினோம். அக்கா இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. சில மாதங்களில் அக்கா செபராங் ஜெயாவில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கே குடிபோனார். பொது வேலை எதிலும் அவர் தலைகாட்டவில்லை. மாமாவையும் ஆன்ட்டியையும் மகள் கெப்பாலா பத்தாஸுக்கு அழைத்துக்கொண்டாள்.

இப்போது மறுபடி தேர்தல் பேச்சு. போன வாரம் ஆன்ட்டி எனக்குப் போன் செய்தார். மாமா இன்னும் இருக்கிறாராம், கீழ்வீடு என்பதால் படித் தொல்லை இல்லையாம். தன் ஓட்டு இன்னும் பழைய தொகுதியில்தான் இருக்கிறது என்றார்.

“இந்தத் தடவ அக்கா நிக்கிறாங்களா தம்பி?”

“இல்ல ஆன்ட்டி.”

“ஏன்லா? எவ்வளவு நல்லாச் செய்வாங்க,” என்றார்.